தமிழ்ச் சங்கங்களே, சிறைக்குப் போகிறவர் வீட்டுக்கும் ஒரு போன் நம்பர் வையுங்கள்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களை நடத்திக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

உங்களிடம் பொங்கலுக்குக் குழு இருக்கிறது, பட்டிமன்றத்துக்குக் குழு இருக்கிறது, ஊரிலிருந்து வருகிற நடிகரை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவதற்குக்கூட ஆள் இருக்கிறது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. யாராவது திடீரென்று இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப என்னென்ன காகிதம் வேண்டும், தூதரகத்தில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டாலும் சொல்கிறவர்கள் நீங்கள்தான். வேலை போனவனுக்கு விசா வக்கீல் நம்பர் தருகிறீர்கள். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் உங்களிடம் ஒன்றும் இல்லை: ஃபெடரல் சிறைக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசின் சிறைக்குப் போகிறவன் வீட்டுக்கு. அந்த வீட்டுக்கும் ஒரு போன் நம்பர் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பி தப்புச் செய்தான். மருத்துவ பில்லிங் விவகாரம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை வாங்கி, உள்ளே இருந்துவிட்டு வந்தான். அவனுக்காக அனுதாபம் கேட்டு இதை எழுதவில்லை. அவனை நீதிபதி பார்த்துக்கொண்டார். ஆனால் அவன் பெண்டாட்டியும் அறுபது வயது தாண்டிய அவன் அம்மாவும் எந்தத் தப்பும் செய்யாதவர்கள், முதல் ஒரு மாதம் அவர்கள் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் வெறும் தகவல் இல்லாததால் வந்தது. அந்தப் பாதியைத்தான் நீங்கள் இல்லாமல் ஆக்க முடியும் என்கிறேன்.

நம் ஆட்கள் ஃபெடரல் வழக்கில் மாட்டுவது புதிதா என்ன? கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினத்துக்கு, நிறுவன ரகசியத்தை வைத்துப் பங்கு வர்த்தகம் செய்த வழக்கில், 2011 அக்டோபரில் 11 வருடம் கொடுத்தார்கள், அந்த டிசம்பரில் மாசசூசெட்ஸில் இருக்கிற டெவன்ஸ் சிறை மருத்துவ மையத்தில் போய்ச் சேர்ந்தார். அதே விவகாரத்தில் மாட்டிய மெக்கின்சி நிறுவன முன்னாள் தலைவர் ரஜத் குப்தா 2014இல் அதே வளாகத்துக்குப் போனார். அப்போது நம் வீட்டு விருந்துகளில் எல்லாரும் பங்குச்சந்தை நிபுணர்களாகிவிட்டோம். இன்சைடர் ட்ரேடிங் என்றால் என்ன, போனை ஒட்டுக் கேட்டது சரியா என்று சாம்பார் ஆறுகிற வரைக்கும் பேசினோம். உள்ளே போன மறுநாள் ஒரு மனிதனுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பேப்பரில் வருகிற பெரிய ஆட்கள் போக, பேரே வெளியில் வராத சின்ன வழக்குகள் இருக்கின்றன: விசா பேப்பர், வரி, மருத்துவ பில், கடன் விண்ணப்பம். அந்த வீடுகளில் "அவர் புராஜெக்ட் விஷயமா வேற ஸ்டேட் போயிருக்கார்" என்ற ஒரே பதில்தான் வரும். உங்கள் தீபாவளி விழாவில் அந்தப் பதிலைக் கேட்டிருப்பீர்கள்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

தண்டனை சொன்ன அன்றே எல்லாரையும் விலங்கு போட்டுக் கூட்டிப்போவதில்லை. ஜாமீனில் இருந்தவனை, வன்முறை இல்லாத வழக்கென்றால், பெரும்பாலும் இன்ன தேதிக்குள் நீயே போய்ச் சேர் என்று விடுவார்கள். எந்தச் சிறை என்பதை நீதிபதி முடிவு செய்வதில்லை, பரிந்துரைதான் செய்யலாம். டெக்சாஸில் கிராண்ட் பிரெய்ரி என்ற ஊரில் சிறைத்துறையின் ஒரு அலுவலகம் இருக்கிறது, நாடு முழுக்க யார் எங்கே என்று அங்கேதான் பிரிக்கிறார்கள். வீட்டிலிருந்து 500 மைலுக்குள் வைக்கப் பார்க்க வேண்டும் என்று 2018இல் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் சொல்கிறது, ஆனால் இடம், பாதுகாப்பு நிலை என்று பல "ஆனால்"கள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த இடத்தில் நம் ஆட்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகிறார்கள். இணையத்தில் தேடினால் வேலியே இல்லாத கேம்ப், புல்வெளி, டென்னிஸ் என்று வரும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவனுக்கு அது பொதுவாகக் கிடைக்காது. நாடு கடத்தப்படக்கூடியவன் என்று ஒரு குறி விழுந்துவிட்டால் குறைந்தபட்சம் "லோ" நிலைச் சிறை, அதாவது இரட்டை வேலியும் முள்சுருளும். கிரீன் கார்டுக்காரனுக்கும் இதே கதிதான். ஒரு சிறை ஆலோசகர் ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு (இப்படி ஒரு தொழிலே அங்கே இருக்கிறது) என் மச்சினனுக்கு கேம்ப் வாழ்க்கையைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். அவன் போனது லோவுக்கு.

தண்டனைக்கு முன்னால் நீதிமன்றத்தின் புரொபேஷன் அதிகாரி வந்து குடும்பம், படிப்பு, உடம்பு எல்லாம் கேட்டு ஒரு அறிக்கை எழுதுவார். பிஎஸ்ஆர் என்பார்கள். உள்ளே போன பிறகு அதுதான் ஜாதகம். அதில் இல்லாதது எதுவும் நடக்கவில்லை, அதில் இருப்பது எல்லாம் உண்மை. நம் வீடுகளில் அந்த அதிகாரி வந்தால் "தண்ணி போடுவார்னு சொல்லிடாதே" என்று மனைவியிடம் ரகசியமாகச் சொல்லி வைப்பார்கள். நிஜமாகவே குடிப் பிரச்சினை இருந்து அது பதிவாகியிருந்தால், தகுதி உள்ளவர்களுக்கு 500 மணி நேர போதை மீட்பு வகுப்பு கிடைத்து, முடித்தால் ஒரு வருடம் வரை தண்டனை குறைய வாய்ப்பு உண்டு. மானத்துக்குப் பயந்து மறைத்தால் அந்த ஒரு வருடம் போச்சு. (இமிக்ரேஷன் பிடியாணை இருப்பவனுக்கு இந்தக் குறைப்பு கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.) சர்க்கரை, பிரஷர், முதுகு வலி எல்லாம் அதில் வர வேண்டும், ஏனென்றால் கையில் மாத்திரை டப்பாவோடு போனால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அவர்கள் டாக்டர் பார்த்து எழுதுவதுதான் இனி மாத்திரை. கீழ்ப் படுக்கை வேண்டுமென்றாலும் அதற்கு மருத்துவக் காகிதம்தான் பேசும்.

படிப்பு இன்னும் வேடிக்கை. பள்ளி முடித்ததற்கு அத்தாட்சி கோப்பில் இல்லையென்றால் பள்ளி இறுதிக்குச் சமமான ஜிஇடி தேர்வு வகுப்பில் போட்டுவிடுவார்கள், 240 மணி நேரம். எம்.டெக் படித்தவன் பின்னச் சுருக்கல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என் மச்சினனுக்கு அப்படித்தான் ஆனது, அவனுடைய பிளஸ் டூ மார்க் ஷீட் திருச்சியில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுத்து, நகல் போட்டு, வக்கீல் வழியாக முன்கூட்டியே கோப்பில் சேர்க்கச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

அப்புறம் அந்த முதல் நாள்.

வாசலில் கொண்டுபோய் விடுகிறவர்கள் உள்ளே வர முடியாது. கையில் அடையாள அட்டை, வழக்குக் காகிதம், கண்ணாடி, கல் பதிக்காத மோதிரம், இவ்வளவுதான் பொதுவாக அனுமதி. வெள்ளிக் கயிறு, ஜாதகம் எழுதின தாயத்து, பெருமாள் படம் எல்லாம் காரிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். உள்ளே ஆர் அண்ட் டி என்று, ஆட்களைச் சேர்க்கிற, வெளியே அனுப்புகிற அறை. முழுதாக உடையைக் களைந்து சோதனை, கைரேகை, போட்டோ, டாக்டரின் சில கேள்விகள், காசநோய்ப் பரிசோதனை, தற்கொலை எண்ணம் உண்டா என்று ஒரு கேள்வி. போட்டிருந்த உடையை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். அதை யாரும் என் மச்சினன் பெண்டாட்டிக்குச் சொல்லியிருக்கவில்லை. அவன் போய் நாலைந்து நாள் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தபோது வாசலில் அந்தப் பெட்டி வந்து கிடந்தது, திறந்தால் அவன் சட்டை, பெல்ட், ஷூ. அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்து, அவள் அழுது, அவள் அழுததைப் பார்த்து என் அத்தை, அதாவது அவன் அம்மா, மயங்கி விழுந்து, 911க்குப் போன் போட்டு, அது ஒரு தனிக் கூத்து. "உடுப்புப் பெட்டி வரும், பயப்படாதீர்கள்" என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் ஆம்புலன்ஸ் பில் மிச்சம்.

அந்த நாலைந்து நாள் மௌனமும் சாதாரண விஷயம்தான். போனில் பேச ஒரு ரகசிய எண் வர வேண்டும், அவன் குரலைப் பதிவு செய்து கணினி ஏற்றுக்கொள்ள வேண்டும், பேச வேண்டிய நம்பர்களை அவன் பட்டியலில் போட்டு அது ஒப்புதல் ஆக வேண்டும், கணக்கில் பணம் விழ வேண்டும். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தால் சனி ஞாயிறு ஒன்றும் நகராது. நம்பர்களை மனப்பாடம் செய்துகொண்டு போகச் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் சொந்தப் பெண்டாட்டி நம்பரே யாருக்கும் தெரியாது.

உள்ளே போனதும் எட்டு இலக்கத்தில் ஒரு எண், ஐந்து இலக்கம், ஒரு கோடு, மூன்று இலக்கம். சில வருடங்களுக்கு முன்பு வரை கொடுத்த எண்களில் அந்தக் கடைசி மூன்று எந்த மாவட்ட நீதிமன்றம் என்பதைச் சொல்லும், பழைய கைதிகள் அதைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள். பணம் அனுப்ப, கடிதம் எழுத எல்லாவற்றுக்கும் அந்த எண்ணும், நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிற பெயரும் எழுத்துப் பிசகாமல் வேண்டும். தபால் மணியார்டர் என்றால் அது சிறைக்குப் போகாது, அயோவா மாநிலத்தில் டெ மொய்ன் என்ற ஊரில் ஒரு பெட்டி எண்ணுக்குப் போகும். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். உள்ளே அதிகாரிகள் கடைசிப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஆக மைக்கில் தினமும் என் மாமனார் பெயரை அதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலமாகிவிட்ட மனிதர், வாழ்ந்த காலத்தில் ஒரு டிராஃபிக் அபராதம்கூடக் கட்டினதில்லை.

அன்றாடம் எப்படி இருக்கும் என்று அம்மாக்கள் கேட்பார்கள். அடிப்பார்களா, சாப்பாடு போடுவார்களா என்பதுதான் அவர்கள் கேள்வி. நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், ஒரு லோ சிறையின் நிலவரம் இது, இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

பெரிய கூடம், அதைத் தோள் உயரச் சுவர்களால் தடுத்துத் தடுத்து "கியூப்" என்று வைத்திருப்பார்கள். ஒரு கியூபில் இரண்டு பேர், சில சமயம் மூன்று, இரும்புக் கட்டில், ஆளுக்கொரு லாக்கர். வெளிச்சமும் சத்தமும் முழுதாக நிற்பதே இல்லை. நாள் முழுக்க எண்ணிக்கையைச் சுற்றித்தான் ஓடும். நள்ளிரவில் எண்ணுவார்கள், மூன்று மணிக்கு, ஐந்து மணிக்கு, மாலை நாலு மணிக்கு, ராத்திரி பத்து மணி வாக்கில். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வருகிற அதிகாரிக்கு உயிருள்ள உடம்பு கண்ணில் பட வேண்டும், நம்மைப் போல் தலையோடு கால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் எழுப்பித்தான் விடுவார். நாலு மணி எண்ணிக்கைக்கு எல்லாரும் கட்டில் பக்கத்தில் எழுந்து நிற்க வேண்டும், மூச்சுப் பேச்சு கூடாது. நாடு முழுக்க எல்லா ஃபெடரல் சிறையிலும் அது நாலு மணிதான். கணக்கு ஒன்று குறைந்தாலும் திரும்ப முதலிலிருந்து, அது சரியான பிறகுதான் இரவுச் சாப்பாடு. வீட்டிலிருப்பவர்கள் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் போன் வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

காலை ஆறு மணிக்கு டிபன், ஏழரை வாக்கில் வேலை, பத்தரை பதினொன்றுக்கே மதியச் சாப்பாடு. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நினைத்தபோது நடக்க முடியாது, மணிக்கொரு தடவை பத்து நிமிடம் கதவைத் திறப்பார்கள், அதற்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த மணி. வேலை எல்லாருக்கும் உண்டு: பாத்திரம், துடைப்பம், புல்வெட்டு, நூலகம். சம்பளம் மணிக்கு 12 சென்டிலிருந்து 40 சென்ட் வரை. யூனிகார் என்கிற சிறைத் தொழிற்சாலை, 1934இல் ஆரம்பித்தது, அங்கே கிடைத்தால் 23 சென்டிலிருந்து ஒரு டாலர் 15 சென்ட் வரை, அதற்குப் பெரிய வரிசை. தானாகப் போய் டாக்டரைப் பார்த்தால் 2 டாலர் பிடிப்பார்கள். 12 சென்ட் சம்பளத்துக்கு 2 டாலர் எத்தனை மணி நேர வேலை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சாப்பாடு நாடு முழுக்க ஒரே மெனு. மாமிசம் வேண்டாதவனுக்கு மாற்று இருக்கிறது, பீன்ஸ், டோஃபு, பீநட் பட்டர் என்று. பட்டினி இல்லை, ஆனால் நம் நாக்குக்கு அது தண்டனைக்குள் தண்டனை. அதனால் கமிசரி என்கிற உள்ளங்காடிதான் உயிர். வாரத்தில் ஒரு நாள், அவரவர் முறைக்கு, சீட்டில் டிக் அடித்துக் கொடுத்து வாங்க வேண்டும். அரைவேக்காட்டு அரிசி, ராமென், பாக்கெட் கானாங்கெளுத்தி மீன், ஊறவைத்த ஹாலப்பினோ மிளகாய் கிடைக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் அரிசியைப் போட்டு, கூடத்தில் இருக்கிற வெந்நீர்க் குழாயிலிருந்து பிடித்து ஊற்றி, துண்டால் சுற்றி வைத்து, அது ஊறியதும் மீனைப் பிய்த்துப் போட்டு, ராமென் மசாலாவைத் தூவி, மிளகாய்த் தண்ணீரை மேலே விட்டு மச்சினன் சாப்பிடுவானாம். மீன் குழம்பு என்று பெயர். பக்கத்து கியூப் பிலிப்பைன்ஸ்காரர் அதற்கு வாடிக்கையாளர். அந்த மீன் பாக்கெட்டுக்கு வேறு மவுசும் உண்டு: 2004 வாக்கில் சிகரெட் விற்பதை நிறுத்திய பிறகு உள்ளே அதுதான் காசு, அதுவும் தபால் தலையும். முடி வெட்ட இத்தனை பாக்கெட், சட்டை இஸ்திரி போட இத்தனை பாக்கெட். விதிப்படி இதெல்லாம் கூடாது. நடக்கிறது.

கமிசரி முறை வருவதற்கு முந்தின நாட்கள்தான் சங்கடம். குளிக்கப் போகச் செருப்பு இருக்காது. யாராவது வந்து செருப்பு, சோப்பு, காபித் தூள் எல்லாம் கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் சூது இல்லை, ஒரே ஊர்க்காரர்கள், ஒரே இனத்தவர்கள் சேர்ந்து "கார்" என்று கூட்டமாக இருப்பார்கள், புதிதாக வருகிறவனை அந்தக் கார் கவனித்துக்கொள்ளும். ஆனாலும் திருப்பி என்ன தர வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளையர் மேசை, கறுப்பர் மேசை, ஸ்பானிஷ் மேசை என்று பிரிந்திருக்கும், பழக்கம்தான். தமிழனுக்கு எந்த மேசை? முதல் நாளே தட்டை வைத்துக்கொண்டு எங்காவது உட்கார்ந்துவிடாமல் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. என் மச்சினனை "மற்றவர்கள்" மேசைக்கு அனுப்பினார்கள்: ஒரு பஞ்சாபி லாரி ஓட்டுநர், இரண்டு வியட்நாம்காரர்கள், அந்த பிலிப்பைன்ஸ்காரர்.

எழுதாத சட்டம் இன்னும் நிறைய. என்ன கேஸ் என்று யாரையும் கேட்காதே. அடுத்தவன் கட்டிலில் உட்காராதே. டிவி சேனலை மாற்றாதே (டிவியில் சத்தமே வராது, ரேடியோ வாங்கிக் காதில் மாட்டித்தான் கேட்க வேண்டும்). வரிசையில் புகாதே. தட்டுக்கு மேலே கையை நீட்டி உப்பை எடுக்காதே. சூதாட்டம், கடன் இரண்டும் வேண்டவே வேண்டாம். நம் ஆட்கள் இதில் பொதுவாகத் தவறுவதில்லை, வாயை மூடிக்கொண்டு இருப்பது நமக்கு வரும். நாம் தவறுவது போனில்.

இது மிக முக்கியம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். உள்ளிருந்து வருகிற அழைப்பு 15 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும், மாதத்துக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கும் உண்டு, எல்லாம் பதிவாகிறது. முதலில் ஒரு இயந்திரக் குரல் ஃபெடரல் சிறையிலிருந்து அழைப்பு என்று சொல்லும், 5ஐ அழுத்தினால்தான் இணைப்பு. என் அத்தை அதை மோசடிக் கால் என்று இரண்டு தடவை கட் பண்ணிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. ஊரில் பாட்டி பேரன் குரல் கேட்க வேண்டும் என்கிறாள், மகள் இந்தப் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தப் பக்கம் வாட்ஸ்அப்பில் திருச்சியைப் பிடிக்கிறாள். நமக்கு அது தினசரிப் பழக்கம். அவர்களுக்கு அது மூன்றாம் நபர் அழைப்பு, தடை செய்யப்பட்ட செயல். "ஷாட்" என்று ஒரு குற்றப் பத்திரம் எழுதுவார்கள், போன் உரிமை மாதக்கணக்கில் போகும், நன்னடத்தைக்காக வருடத்துக்கு 54 நாள் வரை கழிவதிலும் கை வைக்கலாம். 1987 நவம்பர் முதல் தேதியிலிருந்து செய்த குற்றங்களுக்கு ஃபெடரலில் பரோல் கிடையாது, அந்த 54 நாள்தான் சொத்து. பாட்டியின் பாசத்துக்கு இந்த விலை கொடுத்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும்.

பணமும் அப்படித்தான். மாமா 200, சித்தப்பா 300, கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஆயிரம் என்று அன்பாகப் போட்டுவிடுவார்கள். மாதத்துக்கு 360 டாலருக்கு மேல் சாமான் வாங்க முடியாது. ஆனால் அபராதமோ இழப்பீடோ கட்ட வேண்டியவனுக்கு, கடந்த ஆறு மாதத்தில் கணக்கில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்துத்தான் சிறைக் கவுன்சிலர் தவணை போடுவார், மாதம் 75 டாலரை மட்டும் அந்தக் கணிப்பில் சேர்க்காமல் விடுவார். நீங்கள் எவ்வளவு கொட்டுகிறீர்களோ அவ்வளவு தவணை ஏறும். கடன் கட்டுவது நல்லதுதான், அதற்காகத்தான் அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பினால் சரி.

மெயில் அனுப்பலாம், நிமிடத்துக்கு 5 சென்ட் அவனுக்குச் செலவு, படம் கோப்பு எதுவும் சேர்க்க முடியாது. கெட்டி அட்டைப் புத்தகம் பதிப்பகத்திலிருந்தோ கடையிலிருந்தோ நேராகப் போக வேண்டும். பார்க்கப் போக முதலில் படிவம் நிரப்பிப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். நண்பர்கள் என்றால் சிறைக்கு முன்பே பழக்கம் இருந்திருக்க வேண்டும். காக்கி நிறமோ கையில்லாத ரவிக்கையோ போட்டுக்கொண்டு முன்னூறு மைல் ஓட்டிப் போனால் வாசலிலிருந்தே திருப்பி அனுப்புவார்கள். தின்பண்ட இயந்திரத்துக்குப் போடச் சில்லறையை ஒளி ஊடுருவும் பையில் எடுத்துப் போக வேண்டும் என்பது பல இடங்களில் விதி. பிள்ளைகளுக்கு அந்த இயந்திரம்தான் அன்றைய திருவிழா.

சில வாரம் திடீரென்று போனும் இருக்காது மெயிலும் இருக்காது. லாக்டவுன். எங்கேயோ சண்டை, அல்லது வெறுமனே ஆள் போதவில்லை. சிறைத்துறையில் ஆள் பற்றாக்குறை அவ்வளவு, வகுப்பெடுக்கிற ஆசிரியரையும் சமையல் மேற்பார்வையாளரையும் காவல் வேலைக்கு இழுப்பது வழக்கமாகிவிட்டது. அரசாங்கத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2023இல் அந்தத் துறையையே ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது, 2024 ஜூலையில் கண்காணிப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம், "ஒரு வாரம் சத்தமில்லை என்றால் லாக்டவுனாக இருக்கும், துறையின் இணையதளத்தில் அந்தச் சிறையின் பக்கத்தைப் பாருங்கள்" என்று தெரிந்தால் போதும்.

நம்மவர்களுக்கென்று கடைசியில் இன்னொரு இடி இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்தில் வகுப்புகளுக்குப் போனால் 30 நாளுக்கு 10 நாளோ 15 நாளோ வரவு வைப்பார்கள், அதை வைத்துச் சீக்கிரம் வெளியே வரலாம். நாடு கடத்தும் இறுதி உத்தரவு இருக்கிறவனுக்கு அந்த வரவு செல்லாது. தண்டனையின் கடைசிப் பகுதியை வெளியே கழிக்க விடுகிற ஹாஃப்வே ஹவுஸ் விடுதியும் எதிர்பார்க்க முடியாது. தண்டனை முடிகிற நாளில் வாசலில் குடும்பம் காத்திருக்கும், ஐஸ் என்கிற குடியேற்றத் துறை அதிகாரிகளும் காத்திருப்பார்கள், அவர்கள்தான் கூட்டிப் போவார்கள். குற்ற வழக்கு வக்கீல்களில் பலர் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஒப்புக்கொள்வதற்கு முன்பே இமிக்ரேஷன் வக்கீலைப் பார் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஒரு சங்க நிர்வாகியிடம் இதையெல்லாம் நேரில் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டு "இதெல்லாம் நம்ம பேரைக் கெடுக்குமே சார்" என்றார். உடல் அனுப்புகிற உதவியால் சங்கத்துக்குச் சாவு ராசி வந்துவிட்டதா என்ன? தப்புச் செய்தவனுக்கு உதவினால் தப்புக்கு உடந்தை என்றும் சிலர் சொல்கிறார்கள். பெண்டாட்டிக்கு வாரம் ஒரு நாள் கார் ஓட்ட ஆள் கொடுப்பது எந்தத் தப்புக்கு உடந்தை? கணவன் வேலை விசாவை நம்பி இருக்கிற எச்4 விசாவில், ஓட்டுநர் உரிமம்கூட இல்லாமல், இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு போன் நம்பர், அதை எடுக்க இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தமிழில் நாலு பக்கக் குறிப்பு. தெரிந்த ஒரு குற்ற வழக்கு வக்கீல், ஒரு இமிக்ரேஷன் வக்கீல், அரை மணி நேரம் இலவசமாகப் பேசச் சம்மதித்தவர்கள். சிறை இருக்கிற ஊர்ப் பக்கத்துச் சங்கம் என்றால், தூரத்திலிருந்து பார்க்க வருகிற குடும்பத்துக்கு ஒரு ராத்திரி தங்க இடம். கூப்பிடுகிறவரிடம் முழுப் பெயர் கேட்கக் கூடாது, என்ன கேஸ் என்று கேட்கக் கூடாது, முக்கியமாக எந்த வாட்ஸ்அப் குழுவிலும் "நம்ம ஏரியாவில் ஒருத்தர்..." என்று ஆரம்பிக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை உங்களால் முடியாதென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

அந்த நாலு பக்கக் குறிப்பு என்னிடம் இருக்கிறது, மச்சினனே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தது. எந்தச் சங்கம் முதலில் கேட்டாலும் அனுப்புகிறேன். உங்கள் லோகோவைப் போட்டுக்கொள்ளுங்கள், எங்கள் பெயர் வேண்டாம்.